ஒன்பதாவது கேள்வி

மனச்சோர்வை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு சின்னக் கேள்வித்தாள் உண்டு. பி.எச்.கியூ-9 என்று பெயர். கடந்த இரண்டு வாரங்களில் தூக்கம் எப்படி, பசி எப்படி, படிப்பில் கவனம் நிற்கிறதா என்று எட்டு கேள்விகள் போகும். செத்துப்போனால் நல்லது என்றோ, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்று ஒன்பதாவது கேட்கும். 'இல்லவே இல்லை' என்றால் பூஜ்யம், 'கிட்டத்தட்ட தினமும்' என்றால் மூன்று.

நான் சமூகப்பணி படித்தவள். கல்லூரி மாணவர்களின் தற்கொலை எண்ணங்கள் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். அனுமதி கேட்டுப் போன இடங்களில் எல்லாம் பேச்சு சுற்றிச் சுற்றி இந்த ஒன்பதாவது கேள்வியில்தான் வந்து நின்றது. ஒரு முதல்வர் முழுத்தாளையும் பொறுமையாகப் படித்தார். சிவப்பு மையில் அந்த ஒரு வரியை மட்டும் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். "மத்த எட்டையும் கேட்டுக்கோங்கம்மா. இது மட்டும் வேண்டாம். இல்லாத நினைப்பை நாமளே உண்டாக்கின மாதிரி ஆயிடும்."

அவர் உண்மையாகவே பயந்தார். நம் ஊரில் இந்தப் பயம் எல்லோருக்கும் உண்டு. வீட்டில் யாராவது சாவைப் பற்றிப் பேசினாலே "வாயைக் கழுவு" என்றுதானே சொல்கிறோம்? ஆனால் இதை ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். நியூயார்க் மாநிலத்தில் ஆறு பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியிடம் மட்டும் முதலில் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள். இரண்டு நாள் கழித்து எல்லோரிடமும் கேட்டார்கள். முன்பே கேட்கப்பட்டவர்களிடம் அந்த எண்ணமோ மனக்கலக்கமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களிடமும், முன்பு ஒருமுறை முயன்றவர்களிடமும் கலக்கம் சற்றுக் குறைந்தே தெரிந்தது. 2005இல் வெளியான ஆய்வு இது. இதைத் தமிழில் ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். அந்த முதல்வரிடமும் கொடுத்தேன். படித்துவிட்டு, "சரிம்மா, ஒத்துக்கறேன். அப்புறம் யாராவது மூணுன்னு போட்டா நான் என்ன பண்ணணும்?" என்றார்.

அதுதான் சரியான கேள்வி. இந்தத் துறையின் பிற சிக்கல்கள் எல்லாம் அதிலிருந்தே கிளைக்கின்றன என்பது என் எண்ணம்.

கல்லூரி நிர்வாகங்களைத் திட்டுவது எளிது. பெயர் கெட்டுவிடும், அட்மிஷன் குறையும், தரமதிப்பீடு செய்யும் நாக் குழு வரும் நேரம் என்று அவர்கள் சொல்லும் காரணங்கள் கேட்க எரிச்சலாக இருக்கும். ஆனால் ஒரு மாணவர் இறந்த பிறகு அந்த நாற்காலியில் இருப்பவருக்கு என்ன நடக்கிறது என்பதையும் பார்த்திருக்கிறேன். காவல் நிலையம், வாசலில் உறவினர்கள், தொலைக்காட்சி மைக். தற்கொலைக்குத் தூண்டிய குற்றம் முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 306ஆம் பிரிவில் இருந்தது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 108ஆம் பிரிவில் இருக்கிறது. "எதையும் காகிதத்தில் வைக்காதீர்கள்" என்று வக்கீல் சொல்வார். ஒருவர் தவிக்கிறார் என்று எழுத்தில் தெரிந்திருந்தும் ஒன்றும் செய்யவில்லை என்று நாளை கோர்ட்டில் வந்துவிடக் கூடாதாம். அதனால் தெரிந்துகொள்ளாமலே இருப்பதுதான் பத்திரம் என்று ஆகிவிடுகிறது. இந்தக் கணக்கில் மாணவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் எனக்கு வலிக்கிறது.

ஆய்வின் தலைப்பை 'மாணவர் நலவாழ்வு' என்று மாற்றச் சொன்னார்கள். நோட்டீஸ் போர்டில் ஒட்டும் தாளில் மாற்றினேன். 'தற்கொலை ஆய்வுக்கு அறை எண் இத்தனைக்கு வரவும்' என்று எழுதினால் எந்தப் பிள்ளை வரும்? ஆனால் ஒப்புதல் படிவத்துக்குள் மாற்ற மறுத்துவிட்டேன். கையெழுத்துப் போடுகிறவருக்கு என்ன கேட்கப் போகிறோம் என்று நேரடியாகத் தெரிந்திருக்க வேண்டும். வேறு பெயரில் உட்கார வைத்துவிட்டு ஒன்பதாவது கேள்வியை நீட்டுவது ஏமாற்று.

எதிக்ஸ் கமிட்டியில் நெடுநேரம் விவாதித்தது பெயரைக் கேட்பதா வேண்டாமா என்பது. பெயர் இல்லாமல் வாங்கினால் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள். ஆனால் ஒருவர் 'தினமும்' என்று குறித்தால் அவர் யார் என்று நமக்குத் தெரியாது. தாளைக் கையில் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தவிக்கலாம், அவ்வளவுதான். பெயர் வாங்கினால் தேடிப் போகலாம், ஆனால் பாதிப் பேர் பூஜ்யம் போட்டுவிடுவார்கள். இதனால்தான் பெரிய கணக்கெடுப்புகளில் ஒன்பதாவதை நீக்கிவிட்டு பி.எச்.கியூ-8 என்ற வடிவத்தைப் பயன்படுத்துகிறார்கள். பதில் சொன்னவரைக் கவனிக்க ஆளில்லாதபோது கேட்காமல் விடுவது நேர்மைதான். ஆனால் என் ஆய்வே அதைப் பற்றியது.

கடைசியில் நடுவழி ஒன்றைப் பிடித்தோம். தாளில் பெயர் இராது, எண் மட்டும் இருக்கும். எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியல் ஒட்டிய உறைக்குள் இருக்கும். ஒன்பதாவதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் அந்த ஒருவருக்காக மட்டும் உறையைப் பிரிப்போம். கூகுள் ஃபார்ம் வேண்டவே வேண்டாம் என்று முடிவு செய்தோம். இரவு பதினோரு மணிக்கு ஹாஸ்டல் கட்டிலில் படுத்துக்கொண்டு ஒரு பெண் 'தினமும்' என்று தொட்டுவிட்டுத் தூங்கப் போவாள், நாங்கள் மறுநாள் மதியம் எக்செல் திறக்கும்போதுதான் பார்ப்போம். காகிதத்தில், முற்பகலில், சின்னக் குழுவாக. வெள்ளிக்கிழமை கிடையாது, ஏனென்றால் பாதிப் பேர் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்கள், சனி ஞாயிறு கவுன்சிலரும் இருக்க மாட்டார். செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரமும், ரிசல்ட் வருகிற வாரமும் கிடையாது. எல்லாத் தாள்களிலும் அந்த ஒரு வரியைப் பார்த்து முடிக்காமல் நாங்கள் வளாகத்தை விட்டு வெளியே போவதில்லை.

படிவத்தை வாசித்துக் காட்டும்போது, "நீங்கள் சொல்வது ரகசியமாக இருக்கும், உங்கள் உயிருக்கு ஆபத்து என்று எங்களுக்குத் தோன்றினால் மட்டும் உங்களிடம் தனியாகப் பேசுவோம்" என்ற வரியில் நிறுத்துவேன். அந்த இடத்தில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்: "வீட்டுக்குச் சொல்வீங்களா மேம்?"

பெரும்பாலான கல்லூரிகளில் நடைமுறை என்னவென்று பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும். விஷயம் வெளியே வந்தால் எச்.ஓ.டி. கூப்பிடுவார், வார்டன் கூப்பிடுவார், அப்பாவை வரவழைத்து ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, 'கொஞ்ச நாள் வீட்டில் ஓய்வெடுக்கட்டும்' என்று ஹாஸ்டலைக் காலி செய்ய வைப்பார்கள். சில பிள்ளைகளுக்கு அந்த வீடுதான் பிரச்சினையே. அரியர் இருக்கிறது என்று வீட்டில் இன்னும் சொல்லாத பையனை அப்பாவோடு பஸ் ஏற்றி அனுப்புவது எந்த வகையில் உதவி? அதனால் உள்ளே நுழையும் முன்பே கல்லூரியிடம் எழுத்தில் வாங்கினோம்: பெயர்களை எச்.ஓ.டி.க்கோ வார்டனுக்கோ தர மாட்டோம், இதன் காரணமாக யாரையும் ஹாஸ்டலிலிருந்து அனுப்பக் கூடாது, வீட்டில் யாரிடம் சொல்வது என்பதை முதலில் மாணவரோடு பேசியே முடிவு செய்வோம். ஒரு கல்லூரி கையெழுத்துப் போட மறுத்தது. நல்ல பெரிய கல்லூரி, மாதிரி அளவு சுலபமாகத் தேறியிருக்கும். அங்கே ஆய்வு செய்யவில்லை.

போலீஸ் கேஸ் ஆகுமா என்பது அடுத்த பயம். 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவு அப்படியே இடம்பெறவில்லை. இதெல்லாம் பேராசிரியர்களுக்கே தெரிவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸ் வரும் என்ற பேச்சு மட்டும் ஹாஸ்டல் ஹாஸ்டலாகச் சுற்றுகிறது. அந்தப் பயத்தில் நண்பர்கள் அறைக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். சட்டம் மாறிவிட்டது என்பதை ஒப்புதல் படிவத்தோடு ஒரு தனித்தாளாகவே கொடுக்கிறோம். கீழே இரண்டு எண்கள் இருக்கும்: மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி-மானஸ் 14416, சென்னையில் 1986 முதல் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சினேகாவின் 044-24640050. பதில் பூஜ்யமாக இருந்தாலும் எல்லோருக்கும் அந்தத் தாள் உண்டு. சிலருக்கு மட்டும் கொடுத்தால் வகுப்பே திரும்பிப் பார்க்கும்.

முதலாம் ஆண்டு மாணவர்கள் விஷயம் தனி. ப்ளஸ் டூ முடித்து வருகிறவர்களில் பலருக்கு முதல் செமஸ்டரில் பதினேழு வயதுதான். பதினெட்டுக்குக் கீழே என்றால் பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும், பிள்ளையின் இசைவும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல் அப்படித்தான் சொல்கிறது, நியாயம்தான். ஆனால் ஊரை விட்டு முதல் தடவையாக வந்து, தமிழ் மீடியத்திலிருந்து வந்து, ஆங்கிலத்தில் நடக்கும் வகுப்பில் வாய் மூடி உட்கார்ந்திருப்பது இவர்கள்தான். விசைத்தறி ஓட்டும் ஒரு தகப்பனாருக்கு போன் செய்து ஆய்வைப் பற்றிச் சொன்னேன். பின்னால் தறிச் சத்தம். முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள், "எம் பொண்ணுக்கு என்னங்க ஆச்சு?" என்று கத்தினார். ஒன்றும் ஆகவில்லை என்று புரியவைக்கவே நேரம் பிடித்தது. கடைசியில் ஒப்புக்கொண்டார். ஆனால் அன்று மாலையே மகளுக்கு போன் செய்து அழுதிருக்கிறார். அதன் பிறகு பெற்றோருக்கான விளக்கத்தை மாற்றினோம். "உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறார்" என்பதே இப்போது முதல் வாக்கியம். பல ஆய்வாளர்கள் பதினேழு வயதுக்காரர்களை மொத்தமாகவே விட்டுவிடுகிறார்கள். நேரம் மிச்சம். யாரைப் பற்றி அதிகம் தெரிய வேண்டுமோ அவர்கள் கணக்கில் இல்லாமல் போகிறார்கள்.

இது உயிரோடு இருப்பவர்களிடம் கேட்பது. இறந்தவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வது வேறு மாதிரியான வேலை.

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 அறிக்கையில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அதில் மாணவர்கள் 13,044. மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்து தமிழ்நாடு. 'மாணவர்' என்ற அந்த ஒரே கட்டத்துக்குள் பள்ளிப் பிள்ளையும் பி.எச்டி. மாணவரும் சேர்ந்தே இருக்கிறார்கள். எந்தப் பல்கலைக்கழகம், எந்த ஆண்டு, விடுதியா வீடா என்பது எதுவும் கிடையாது. ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகங்கள் பற்றி யாராவது நாடாளுமன்றத்தில் கேட்டால் ஒரு பட்டியல் வரும். நம் மாவட்டங்களில் தெருவுக்குத் தெரு இருக்கும் இணைப்புக் கல்லூரிகளுக்கு அதுவும் இல்லை. இங்கிலாந்து, வேல்ஸில் இறப்புப் பதிவுகளை உயர்கல்வி மாணவர் பதிவுகளோடு இணைத்து, 2017 ஜூலையோடு முடிந்த ஓராண்டில் 95 மாணவர்கள் என்று அவர்களால் சொல்ல முடிந்தது. நம்மிடம் இரண்டு பதிவுகளும் தனித்தனியாக இருக்கின்றன, சேர்த்துப் பார்ப்பவர் இல்லை.

காரணம் என்ற கட்டம் அதைவிட மோசம். 2022இல் எல்லா வயதினரையும் சேர்த்து 'குடும்பப் பிரச்சினை' 31.7 சதவீதம், 'நோய்' 18.4 சதவீதம். இந்த நோய் எங்கிருந்து வருகிறது என்பது தமிழ்ப் பத்திரிகை படிக்கிற யாருக்கும் தெரியும். "தீராத வயிற்று வலி." புகார் எழுதும்போது அப்பாவோ மாமாவோ சொல்லும் வார்த்தை அது, பல சமயம் ஸ்டேஷனிலேயே எழுதிக் கொடுக்கும் வார்த்தை. போஸ்ட்மார்ட்டம் சீக்கிரம் முடிந்து உடல் கைக்கு வர வேண்டும், தங்கையின் கல்யாணத்துக்கு நாளை பேச்சு வரக் கூடாது. அவர்கள் மேல் எனக்குக் கோபமே வந்ததில்லை. ஆனால் அந்த வயிற்று வலி டெல்லிக்குப் போய் அட்டவணையில் உட்கார்ந்துவிடுகிறது. எண்ணிக்கையும் அப்படித்தான். 2010ஆம் ஆண்டுக்குக் காவல்துறைப் பதிவு 1,34,599 என்றது. வீடு வீடாகக் கேட்டு எழுதிய இறப்பு விசாரணைகளிலிருந்து லான்செட் மருத்துவ இதழில் 2012இல் வந்த ஆய்வு அதே ஆண்டுக்கு ஏறத்தாழ 1,87,000 என்றது.

அதனால் வீட்டுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. இறந்தவரின் கடைசி மாதங்களை நெருங்கியவர்களிடம் கேட்டு அடுக்கிப் பார்க்கும் இந்த முறையை லாஸ் ஏஞ்சல்ஸில் உளவியலாளர் எட்வின் ஷ்னைட்மனும் நண்பர்களும் உருவாக்கினார்கள். சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் குழுவினர் நூறு தற்கொலை மரணங்களை எடுத்து அப்படி ஆராய்ந்து 1999இல் வெளியிட்டார்கள். காரியம் முடியும் முன்பு போகக் கூடாது. ரொம்பத் தள்ளிப்போட்டால் குடும்பம் தனக்கென ஒரு கதையைக் கட்டி முடித்திருக்கும். வருஷத் திதிக்கும் பிறந்த நாளுக்கும் பக்கத்தில் போகக் கூடாது. நாங்கள் கல்லூரிப் பெயர் போட்ட பையோடு போவதில்லை, வண்டியைத் தெருமுனையிலேயே விட்டுவிடுவோம். அப்படியும் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்ப்பார். "யாருங்க இவங்க?" "இன்சூரன்ஸ் விஷயமா வந்திருக்காங்க" என்று அந்த வீட்டம்மா சொல்வார். நான் தலையாட்டுவேன்.

ஒரு தாய் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே உள்ளே போய், மஞ்சள் பையில் சுற்றி வைத்திருந்த ஒரு செல்போனை எடுத்து வந்தார். மகனுடையது. போலீஸ் திருப்பிக் கொடுத்த பிறகு தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறார். பேட்டர்ன் லாக். "நீ படிச்ச பொண்ணு. இதைத் திறந்து குடு கண்ணு. உள்ள என்னமோ எழுதியிருப்பான்." எங்கள் வழிமுறைக் கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. போன் திறந்தால் எனக்கும் அதுவே பெரிய தரவு. ஆனால் ஒரு பையன் அம்மாவுக்குக் காட்டாமல் வைத்திருந்தவை அதில் இருக்கலாம், வேறு ஒரு பெண்ணின் படங்கள் இருக்கலாம், யாராவது அடி வாங்குவதற்கான பெயர் இருக்கலாம். திறக்க எனக்கு உரிமை இல்லை என்று சொன்னேன். அப்புறம் அவர் பேசினார், பையனுக்குப் பிடித்த குழம்பிலிருந்து ஆரம்பித்து. கணவர் கடைசிவரை உட்காரவில்லை. வாசல் நிலையைப் பிடித்தபடியே நின்றார், நான் எழுந்து வரும்போது, "இதனால அந்தக் காலேஜ் மேல நடவடிக்கை எடுப்பாங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைவிட முக்கியமான ஒன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. நாளை வழக்கு நடந்தால் என் குறிப்புகளைக் கோர்ட் கேட்கலாம். வக்கீலிடம் கட்சிக்காரர் பேசியதற்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு, ஆய்வாளரிடம் பேசியதற்கு இல்லை. அதனால் ஒலிப்பதிவு வேண்டாம் என்றால் வேண்டாம்.

சாதி பற்றியும் எழுத வேண்டும். அனுமதி தரும்போது ஒன்பதாவது கேள்விக்கு அடுத்து அடிபடுவது சமூகப் பிரிவைக் கேட்கும் கட்டம்தான். "இதெல்லாம் எங்க காலேஜ்ல கிடையாதுங்க." சாதிப் பாகுபாட்டுப் புகார்களுக்கு நடுவே இறந்துபோன மாணவர்கள் ரோஹித் வெமுலா, பாயல் தாத்வி இருவரின் தாய்மார்களும் 2019இல் உச்ச நீதிமன்றம் போனது இந்தப் பதிலைக் கேட்டுச் சலித்துத்தான் என்று நினைக்கிறேன். மாணவர்களும் நேராகச் சொல்ல மாட்டார்கள். "அவங்க செட்டுல என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க மேம்" என்பார்கள், ஏன் என்று கேட்டால் தரையைப் பார்ப்பார்கள். அந்தக் கட்டத்தை விட்டுக்கொடுக்க நான் சம்மதிக்கவில்லை.

ஆனால் எழுதும்போது அதே விவரம் ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் பெண்கள் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள். 'மெக்கானிக்கல் மாணவி ஒருவர் சொன்னார்' என்று நான் எழுதினால் அந்த வகுப்புக்கு அது யார் என்று தெரிந்துவிடும். துறை, ஆண்டு, ஊர், பிரிவு எல்லாவற்றையும் கலைத்துத்தான் எழுத முடிகிறது. இங்கே சொன்னவையும் அப்படிக் கலைத்தவையே. ஆய்வேட்டை வாசிக்கும் என் கைடு "விவரம் போதவில்லை" என்று ஓரத்தில் எழுதுகிறார். அவர் சொல்வதும் சரி.

என்னோடு வேலை செய்கிறவர்கள் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்த இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். பேட்டிகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவர்கள். ஒரே அழுகையைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்க வேண்டும். இரவில் செய்யக் கூடாது, ஹாஸ்டல் அறையில் செய்யக் கூடாது, தனியாகச் செய்யக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். நிதி கேட்டு எழுதும் விண்ணப்பத்தில் இவர்களுக்கான ஆலோசகர் கட்டணம் என்று ஒரு வரி போட்டால் முதலில் வெட்டப்படுவது அந்த வரிதான்.

2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதி ரவீந்திர பட் தலைமையில் உயர்கல்வி மாணவர் தற்கொலைகள் பற்றி ஒரு தேசியப் பணிக்குழுவை அமைத்தது. அதே ஆண்டு ஜூலையில் வேறொரு வழக்கில், நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மாணவர்கள் உள்ள கல்வி நிறுவனங்களில் தகுதியுள்ள ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்றது. நான் பார்த்த பல கல்லூரிகளில் கவுன்சிலிங் செல் பொறுப்பு ஆங்கிலத் துறையில் ஒரு மேடத்திடம் கூடுதல் வேலையாக இருக்கிறது. அறையும் கிடையாது, ஸ்டாஃப் ரூமில் எல்லோர் முன்னிலையிலும்தான் பேச வேண்டும். அந்த மேடத்துக்கு மாணவர்கள் மேல் அக்கறை நிறைய உண்டு, பயிற்சிதான் யாரும் கொடுக்கவில்லை. அந்தத் தீர்ப்பை அச்செடுத்து, அனுமதி கேட்கும் கடிதத்தோடு இணைத்து அனுப்ப ஆரம்பித்திருக்கிறேன். இரண்டு இடங்களில் அதனால் கதவு திறந்தது.

இப்போதெல்லாம் புராஜெக்டுக்காகக் கேள்வித்தாள் கேட்டு மாணவர்கள் எனக்கு எழுதுகிறார்கள். அனுப்புவதற்கு முன் சிலவற்றைத் திருப்பிக் கேட்கிறேன். ஒன்பதாவது கேள்விக்கு வரும் பதிலை அன்றே படிக்கப்போவது யார்? அந்தப் பிள்ளையிடம் போய் உட்கார்ந்து பேசப்போவது யார், எந்த அறையில்? ஹாஸ்டலிலிருந்து அனுப்ப மாட்டோம் என்று கல்லூரி எழுதித் தந்திருக்கிறதா? மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் யாரிடமாவது முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறீர்களா? இதற்கெல்லாம் பதில் இருந்தால் முழுத்தாளையும் அனுப்புகிறேன். இல்லாவிட்டால் எட்டு கேள்வி உள்ளதை அனுப்பிவிட்டு, மீதியை நேரில் வந்து பேசலாம் என்று என் எண்ணைத் தருகிறேன்.